ஆடியில் மண்ணை மூடுகிறவர்கள்

ஆடி மாதத்தில் யாரும் புது வீட்டுக்குப் பூமி பூஜை போடுவதில்லை. வாசக்கால் வைப்பதில்லை, கிரகப்பிரவேசம் கிடையாது. மேஸ்திரிகளுக்குக் கொஞ்சம் ஓய்வான காலம். ஆனால் சில்லறை வேலைகளுக்கு ஆடி ஒரு தடையே இல்லை. மொட்டை மாடி விரிசலை அடைப்பது, சம்ப் கழுவுவது, அப்புறம் கொல்லையில் "தரை போடுவது". இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சென்னைப் புறநகரில் அநேகமாக எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். இருபத்தைந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய தனி வீடு. ஒரு கிரவுண்ட் மனை. பின்பக்கம் ஒரு வேப்பமரம், கிணற்றடியில் (கிணறு மூடியாயிற்று, இப்போது போர்) ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, துவைக்கிற கல், மிச்சம் வெறும் மண். வீட்டுக்காரர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து நிற்கிறார். வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கிறது. மிதித்தால் பிசுபிசுக்கிறது. ஈ மொய்க்கிறது. மேலே காக்கை வேறு. "ஒரே குப்பை" என்கிறார்.

பத்து மணிக்கு மேஸ்திரி டேப்போடு வருகிறார். "சார், இந்தக் காம்பவுண்டுல இருந்து அந்தக் காம்பவுண்டு வரைக்கும் மொத்தமா போட்ருவோம். மழைக்கு முன்னாடி முடிச்சுட்டா தொல்லையே இல்ல."

மரம்?

"மரத்தையும் எடுத்துட்டாத்தான் சார் தரை நிக்கும். வேர் தூக்கிடும்."

ஒரு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "பளிச்னு இருக்கே சார்" என்கிறார். அடுத்த ஆடியில் அவர் வீட்டிலும் தரை போட்டாகிவிடும்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. வீட்டுக்காரர் சொந்தப் பணத்தில், சொந்த மனையில், மனைவிக்கு வேலை குறையட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். ஆனாலும் இது தப்பான வேலை. அதுவும் வருஷத்தின் மற்ற மாதங்களை விட ஆடியில் செய்வது படு தப்பு. அந்த "குப்பை" என்கிற ஒரு சொல்தான் இத்தனைக்கும் காரணம். ஆகவே முதலில் அந்தக் குப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பழைய கணக்கில் வருஷத்துக்கு ஆறு பருவம். அதில் ஆனியும் ஆடியும் முதுவேனில். கோடை முற்றிப்போய், கார் இன்னும் வராத இடைவெளி. டி.வி. செய்திக்கு இந்தப் பருவம் கண்ணில் படாது. அக்னி நட்சத்திரம் மே மாதக் கடைசியில் முடிந்ததும் கோடை முடிந்துவிட்டதாகச் செய்தி வாசித்துவிடுவார்கள். அடுத்தது அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. நடுவில் இருக்கிற நாலு மாதத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி! ஆனால் ஒரு வீட்டுக் கொல்லையில் வருஷத்திலேயே அதிகமான காரியங்கள் நடப்பது இப்போதுதான். எல்லாமே சின்னச் சின்னக் காரியங்கள்.

வேப்பமரத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது இலை உதிர்ப்பது மாசியில். பூப்பது பங்குனி, சித்திரையில். ஆனி, ஆடியில் பழம். வீட்டுக்காரர் "எப்பப் பார்த்தாலும் குப்பை கொட்டுது" என்று சொல்லும் மரம் உண்மையில் மாதத்துக்கு ஒரு பொருளைக் கொட்டுகிறது. கிராமங்களில் இதே பழத்தின் கொட்டையைப் பெண்கள் பொறுக்கிக் காயவைத்து எண்ணெய்க்கு விற்பார்கள். நகரத்தில் அதே கொட்டை பினாயில் ஊற்றிக் கழுவித் தள்ளப்படுகிறது. பகலில் குயிலும் மைனாவும் காக்கையும் பழம் தின்ன வரும், இரவில் வௌவால். சித்திரையில் ஊரையே கூவி எழுப்பிய குயிலின் சத்தம் ஆடியில் அடங்கிவிடும். ஏன் என்று பார்க்க வேண்டுமானால் மரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். காக்கைக் கூட்டில் வளர்ந்த குயில் குஞ்சு ஒன்று, உடம்பெல்லாம் புள்ளியோடு, கிளையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கத்தும். காக்கை ஓடி ஓடி அதற்கு ஊட்டும். மதில் மேல் சோறு வைக்கிற பாட்டிகளுக்கு இது தெரியும். அவர்களின் பேரன்கள் இதை யூட்யூபில் பார்க்கிறார்கள்.

மரத்தை விட்டுக் கீழே வரலாம். கூரையின் நீட்டத்துக்குக் கீழே, மழைச் சாரல் படாத காய்ந்த பொடி மண்ணில் புனல் மாதிரிக் குட்டிக் குழிகள் இருக்கும். குழியானை! ஓர் எறும்பு அதில் சறுக்கி விழுந்தால் அடியிலிருந்து மண்ணை வாரி வாரி வீசி இழுத்துக்கொள்ளும். அந்தப் பூச்சியே பிற்பாடு இறக்கை முளைத்துத் தட்டான் போல ஒன்றாகப் பறந்து போகும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அந்தக் குழிகள் காய்ந்த மண் இருக்கும் வரைதான். மழை பிடித்துவிட்டால் மறைந்துவிடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் ஒட்டியிருப்பது போலத் தெரிவது எச்சம் இல்லை, புழு. சில நாளில் பச்சையாக மாறும். முட்டை வண்ணத்துப்பூச்சியாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் செடியின் பாதித் துளிரைத் தின்றுவிடும் என்பது உண்மைதான். செடி மறுபடியும் துளிர்க்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பலரும் உடனே கடைக்குப் போய் ஒரு பூச்சி மருந்தை வாங்கி வந்து அடித்துவிடுகிறார்கள். அந்த இலையைத்தான் அடுத்த வாரம் ரசத்தில் தாளிக்கப் போகிறார்கள்.

ஜன்னல் மூலையில், சில வீடுகளில் பிளக் பாயிண்ட் ஓட்டையில்கூட, குளவி மண்கூடு கட்டும். ஈர மண்ணை உருண்டை உருண்டையாக எடுத்து வந்து குழாய் மாதிரிச் செய்து, சிலந்திகளைக் கொட்டி மயக்கி உள்ளே அடைத்து, முட்டை இட்டு மூடிவிடும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறக்கிறதோ இல்லையோ, அந்த நம்பிக்கையால் ஒரு கூடாவது தட்டப்படாமல் தப்பித்தது!

இன்னொரு மாற்றம் பூச்சியும் இல்லை, செடியும் இல்லை. நிழல். சென்னையில் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவது வருஷத்தில் இரண்டு முறை. ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொன்று. இந்த இரண்டுக்கும் இடையில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. மற்ற மாதமெல்லாம் வெயிலே படாத வடக்குச் சுவரில் இந்த நாட்களில் வெயில் ஏறும். ஆவணி பிறந்து ஓரிரு நாளில் அது திரும்பிப் போகும். கொடியில் துணி காயப்போடுகிறவருக்கு இது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும், எந்தப் பக்கம் போட்டால் சீக்கிரம் காயும் என்று. எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வானியல் நடக்கிறது.

ஆடிக் காற்று. பகலெல்லாம் மேற்கிலிருந்து சூடாக அடிக்கும். கடல்காற்று தாமதமாக உள்ளே வரும். சில நாள் சாயங்காலம் மேற்கே கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிடும். அதற்கு முன்னால் மரத்தடியில் தட்டான்கள் தாழப் பறக்கும், எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேடேறும். மழை நின்ற இரவு ஈசல்.

இவ்வளவும்தான் அந்தக் "குப்பை".

சரி, இதெல்லாம் அழகு சமாச்சாரம், ரசிகர்களுக்கு உரியது, குடும்பம் நடத்துகிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கிலேயே பேசிவிடலாம்.

ஒரு கிரவுண்ட் என்பது 2400 சதுர அடி. வீடு போகத் திறந்தவெளி 800 சதுர அடி என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 74 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆக, ஆடி மாதத்தில் ஒரே ஒரு சாயங்காலம் 30 மி.மீ. கொட்டினால் அந்தக் கொல்லையிலும் வாசலிலும் மட்டும் விழுவது 2200 லிட்டருக்கு மேல். சென்னைக்கு ஆண்டு முழுக்கப் பெய்வது சராசரியாகச் சுமார் 1400 மி.மீ. அந்த 800 சதுர அடிக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. 12,000 லிட்டர் லாரி கணக்கில் எட்டு லோடு. எல்லாமே நிலத்துக்குள் இறங்கிவிடாது, ஆவியாவது உண்டு, ஓடுவது உண்டு. பாதி என்று வைத்தால்கூட நாலு லாரி. வானத்திலிருந்து வாசலுக்கே வந்து இறங்குகிற நாலு லாரியை வேண்டாம் என்று சொல்லி, தெருச் சாக்கடைக்குத் திருப்பி விடுவதற்காகத்தான் மேஸ்திரிக்குக் கூலி.

"மழைநீர் சேகரிப்புதான் வச்சிருக்கோமே" என்பார்கள். வைத்திருக்கிறார்கள். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டிடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் எத்தனை வீட்டில் அந்தக் குழியை வருஷத்துக்கு ஒருமுறையாவது திறந்து, சேறு வாரி, ஜல்லியைக் கழுவிப் போட்டிருக்கிறார்கள்? சும்மா ஒரு பைப்பை மண்ணில் செருகி வைத்துக் கணக்குக் காட்டிய வீடுகளும் உண்டு. தூர் அடைத்த குழி குழியே இல்லை. அதைச் சுத்தம் செய்ய வேண்டிய சரியான காலம், மழைக்கு முந்தைய இதே ஆடிதான். அந்த ஆடியில் போய் குழியை விட்டுவிட்டு மண்ணை மூடுகிறார்கள்! எந்த பராமரிப்பும் கேட்காத மழைநீர் சேகரிப்பு ஒன்று இருந்தது. அதன் பெயர் கொல்லை.

2015 டிசம்பரில் இதே நகரம் வெள்ளத்தில் நின்றது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வில்லிவாக்கத்துக்கு வந்த முதல் ரயிலை வரவேற்க மேடை போட்டதெல்லாம் பேப்பரில் படமாக வந்தது. நாலு வருஷ இடைவெளியில் ஒரே ஊருக்கு இரண்டும் நடந்தது. ஏரி ஆக்கிரமிப்பு, சதுப்பு நிலம், அரசாங்கம், ரியல் எஸ்டேட் என்று பெரிய காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெரிய காரணங்களைத் திட்டிக்கொண்டே சொந்தக் கொல்லையில் கான்கிரீட் கலவை இறக்குகிறவர், தன் 800 சதுர அடியையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு தெருவில் ஐம்பது வீடு இருந்தால் அது 40,000 சதுர அடி. யாரும் ஆக்கிரமிக்காமல், லஞ்சம் கொடுக்காமல், பட்டா நிலத்திலேயே ஒரு குட்டை காணாமல் போகிறது.

அடுத்தது சூடு. சாயங்காலம் வாசல் தெளிக்கிற பழக்கத்துக்கு ஆன்மிகக் காரணமெல்லாம் சொல்வார்கள். பௌதிகக் காரணம் அதைவிட எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும், கிட்டத்தட்ட 0.67 யூனிட். 15 லிட்டர் வாளி ஒன்று முழுக்க ஆவியானால் 10 யூனிட் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. சுமார் இரண்டு மணி நேரம் முழு மூச்சில் ஓடி வெளியேற்றுகிற வெப்பம் அது. (அந்தக் குளிர்ச்சி முழுவதும் படுக்கையறைக்குள் வந்துவிடாது. வெளியில்தான் பரவும். அதனால் ஏ.சி.யை விற்றுவிட வேண்டாம்.) சிமென்ட்டில் தெளித்தாலும் ஆவியாகத்தான் செய்யும். ஆனால் பாதி ஓடி வாய்க்காலுக்குப் போய்விடும், மீதி கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மண் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மரம் வேர் வழியாக எடுத்துப் பகலெல்லாம் இலை வழியாக விடுகிறது. சிமென்ட் தரை செய்வது நேர் எதிர். பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை பின்பக்க அறையின் ஜன்னலில் கக்குகிறது. மரம் போய், தரை வந்த அடுத்த வருஷம் அந்த அறைக்கு ஏ.சி. வருவது தற்செயல் இல்லை. அதன் வெளி யூனிட்டை வைப்பதும் அதே கொல்லையில்தான். அது கக்குவதும் சூடுதான்.

இனி எதிர்வாதங்கள். இவற்றில் சிலது வலுவானவை.

கொசு. மண்ணும் இலையும் இருந்தால் கொசு வரும் என்கிறார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கிற சுத்தமான தண்ணீரில். மூடாத சம்ப், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. மழைத்தண்ணீரை உறிஞ்சுகிற மண்ணில் அதற்கு வேலை இல்லை. வாட்டம் சரியில்லாத சிமென்ட் தரையில் தேங்குகிற தண்ணீரில்தான் வேலை உண்டு. அந்தி நேரத்தில் கொசுவைப் பிடித்துத் தின்கிற தட்டானும் வௌவாலும் மரத்தோடு போய்விட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாம்பு. அது எலிக்காக வருகிறது. எலி சோற்றுக்காக வருகிறது. மதிலோரம் கொட்டுகிற மிச்சச் சோற்றையும், அடுக்கி வைத்த பழைய மரச்சாமானையும் எடுத்தால் போதும். அதற்கு 800 சதுர அடி கான்கிரீட் வேண்டாம்.

கார். இரண்டு டயருக்கு இரண்டு பட்டை போதும், நடுவில் மண்ணும் புல்லும் இருக்கலாம். கார் அதை மதிக்காமல் திரும்பிப் போய்விடாது.

சுவர் விரிசல். இது உண்மை. மதிலிலிருந்து மூன்றடியில் வேம்பு வைத்தால் மதில் விரிசல் விடும். தப்பு மரத்தின் மேல் இல்லை, அங்கே வைத்தவர் மேல். ஆனால் இருபது வருஷ மரத்தை நகர்த்தவும் முடியாது. மதிலின் அந்த ஒரு பகுதியை இடித்து, வேருக்கு இடம் விட்டுக் கட்டுவதற்கு ஆகும் செலவு, முழுக் கொல்லைக்கும் தரை போடும் செலவை விடக் குறைவு. கேட்டால் மேஸ்திரியே சொல்வார். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பேவர் பிளாக் போட்டால் இடுக்கில் தண்ணீர் இறங்குமே என்பது ஒரு புதுச் சமாதானம். மணல் படுகையில் பதித்து, இடுக்கில் மணலே போட்டால் கொஞ்சம் இறங்கும். ஆனால் பல வீடுகளில் முதலில் கான்கிரீட் போட்டு அதன் மேல் கல்லைப் பதித்து, "புல் முளைக்கக் கூடாது" என்று இடுக்கையும் சிமென்ட் பாலால் அடைத்துவிடுகிறார்கள். அப்புறம் அதன் மேலேயே பச்சைப் பிளாஸ்டிக் புல் பாயை விரிக்கிறார்கள். உயிருள்ள புல் முளைத்துவிடுமோ என்று பயந்து அடைத்துவிட்டு, காசு கொடுத்துச் செத்த புல்!

இவை எல்லாவற்றையும் விட வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இயற்கை, மண்வாசனை என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பெருக்குவது யார்?

காலை ஐந்தரைக்கு இடுப்பை வளைத்து, ஈர்க்குமாறைப் பிடித்து, அந்த மண்தரையைக் கூட்டுவது வீட்டுக்காரர் இல்லை. அவர் மனைவி. அல்லது மாதச் சம்பளத்துக்கு வருகிற இன்னொரு பெண். ஆடிக் காற்றில் கூட்டி முடித்துத் திரும்புவதற்குள் மறுபடியும் விழுந்திருக்கும். "தரை போட்டுட்டா ஒரு வாளித் தண்ணியில கழுவிவிட்டுடலாம்" என்று அந்த அம்மாள் சொன்னால், அவரிடம் போய் குயில் குஞ்சைப் பற்றிப் பேசுவது அநியாயம். இந்த இடத்தில் மண்ணின் பக்கம் நிற்கிற ஆண்கள் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவது நல்லது.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தரை போட்ட பிறகு அவருக்கு வேலை குறைகிறதா? பக்கத்து வீட்டு மரத்து இலை வந்து விழத்தான் செய்கிறது. ஆடிக் காற்றின் புழுதி வரத்தான் செய்கிறது. மண் தரையில் கண்ணுக்கே தெரியாத ஒரு கைப்பிடித் தூசி, வெள்ளைத் தரையில் ஊரைக் கூட்டிச் சொல்லும். காலையில் பெருக்கல், அப்புறம் கழுவல், பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தல். முன்பு தினம் ஒரு வேலை. இப்போது மூன்று. பாசி பிடித்த சிமென்ட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதும் அதே வீட்டுப் பெண்கள்தான், பெரும்பாலும் வயதானவர்கள்.

மண்ணில் விழுந்த இலையை அங்கேயே மரத்தடிக்குத் தள்ளிவிட்டால் அது நாலு மாதத்தில் மண். நடக்கிற பாதை இரண்டடி அகலத்துக்குக் கடப்பா கல் பதித்துவிட்டு, அதை மட்டும் கூட்டினால் போதும். மீதிக் கொல்லையை யாரும் கூட்டத் தேவையே இல்லை. கூட்டியே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது? கொல்லை, கூடத்தைப் போல இருக்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து. அந்த ஆசை பெரும்பாலும் கூட்டாதவர்களுடையது. அப்படியும் கூட்டத்தான் வேண்டும் என்றால், பல் தேய்த்துக்கொண்டே நின்று "ஒரே குப்பை" என்று சொல்கிறவரின் இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது.

கூட்டியதைக் கொளுத்துகிறவர்கள் தனி ரகம். சாயங்காலம் தெருவே புகை. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிக்க நாடு முழுக்கத் தடை போட்டது. அந்தச் செய்தி இன்னும் பல தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

இந்த விஷயத்தில் இருக்கிற வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். வேப்ப எண்ணெயிலிருந்து பூஞ்சைக் கொல்லி தயாரிக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறைக்கும் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம் 1994-ல் உரிமை கொடுத்தது. இது காலங்காலமாக இந்திய விவசாயிகளுக்குத் தெரிந்த விஷயம் என்று வழக்காடி, 2000-ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடியானது. "எங்கள் வேம்பை அந்நியன் திருடப் பார்த்தான்" என்று அப்போது மேடை மேடையாகப் பேசினார்கள், பத்திரிகை பத்திரிகையாக எழுதினார்கள். அந்நியன் மரத்தை வெட்டவில்லை. மரத்தை வெட்டுவதற்கு உள்ளூரிலேயே ஆள் இருக்கிறது, மின்சார ரம்பத்தோடு, அரை நாள் கூலிக்கு.

அதே ஆடியில் வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். வாசலில் வேப்பிலை கட்ட வேண்டும். சொந்த மரம் போய்விட்டதால் தெருமுனையில் மாநகராட்சி மரத்தின் கிளையை ஒடிக்கிறார்கள். அது மொட்டையாகி நின்றால் "கார்ப்பரேஷன் மரத்தைப் பராமரிக்கிறதே இல்லை" என்று புகார்.

மண்வாசனைக் கதையும் இப்படித்தான். காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் அந்த மணத்துக்கு 1964-ல் இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அந்த மணத்தில் பெரிய பங்கு. மிக மிகக் கொஞ்சமாக இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் மண்ணைச் சுட்டு, காய்ச்சி வடித்து, அந்த வாசனையை அத்தராகச் சின்னக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். நல்ல தொழில், அழகான தொழில். இன்னும் நன்றாக நடக்கும். வாடிக்கையாளர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆடி பதினெட்டுக்கு அவரை, புடலை, பீர்க்கு விதை ஊன்றுவது வழக்கம். ஆடியில் ஊன்றிய அவரை கார்த்திகையில் பந்தலில் பூத்து, தை வரைக்கும் காய்க்கும். தரை போட்ட வீட்டிலும் ஊன்றுகிறார்கள், பெயின்ட் டப்பாவில். இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செடி வாடித் தொங்குகிறது. டப்பாவில் எவ்வளவு மண் இருந்துவிடும்? "இந்தக் காலத்துல விதையே சரியில்ல" என்று தீர்ப்பு வருகிறது. விதை சரியாகத்தான் இருக்கிறது. அதைவிட இரண்டடி கீழே, கான்கிரீட்டுக்கு அடியில், மண்ணும் சரியாகத்தான் இருக்கிறது.

ஆவணி பிறக்கிறது. நடுப்பகல் நிழல் வடக்கே திரும்பிவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கே கறுக்கிறது, இடி இடிக்கிறது, முக்கால் மணி நேரம் கொட்டுகிறது. புதுத் தரையில் வாட்டம் சரியாக வரவில்லை போல. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, பின்வாசல் படியைத் தொட்டுவிட்டது. வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் வைப்பரால் தள்ளுகிறார். அவர் மனைவி பின்னாலேயே துடைப்பத்தோடு வந்து மிச்சத்தைத் தள்ளுகிறார். கேட் வழியாகத் தெருவுக்குப் போன தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சாக்கடையில் சேர்ந்துவிட்டது. "அப்பாடா, பளிச்னு ஆயிடுச்சு" என்கிறார்.

மறுநாள் காலை மோட்டார் போட்டால் காற்றுதான் வருகிறது. லாரிக்கு போன் செய்கிறார். இரண்டு நாள் ஆகும் சார், ஏற்கெனவே உங்க தெருவிலேயே ஆறு வீடு புக் பண்ணியிருக்கு என்று பதில் வருகிறது.